பழைய கிளாரினெட்டின் பூர்வீகம் அறிவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் பழைய கிளாரினெட் ஒன்று கைமாறும்போது, விற்பவர் முதலில் காட்டுவது அதன் மேல் பொறித்திருக்கும் பெயரைத்தான். வாங்குபவரும் அதைப் படித்ததுமே விலை பேசத் தொடங்கிவிடுகிறார். இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றே: பெயரைக் கடைசியில் படியுங்கள். உடல், கீ அமைப்பு, சுருதி, பழுது பார்த்த தடம் ஆகிய நான்கும் முதலில் பேசட்டும். அவை சொல்வதோடு பெயர் ஒத்துப்போனால் நம்புங்கள். ஒத்துப்போகாவிட்டால் நான்கின் பக்கம் நில்லுங்கள். நிலம் வாங்குகிறவர் பத்திரத்தில் உள்ள பெயரோடு நிற்காமல் வில்லங்கச் சான்றும் எல்லைக் கல்லும் பார்ப்பதைப் போன்றதுதான் இது. கிளாரினெட் ஐந்து துண்டுகளாகப் பிரியக்கூடிய கருவி: மவுத்பீஸ், பேரல், மேல் துண்டு, கீழ்த் துண்டு, பெல். பெயர் பொறித்த ஒரு துண்டை மட்டும் வேறொரு உடலில் மாட்டிவிட நொடி நேரம் போதும்.

இந்த எச்சரிக்கை கொங்கு நாட்டில் கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. கிளாரினெட் தமிழகத்துக்கு ஒரே வழியில் வந்து சேரவில்லை. ஆங்கிலேய ராணுவ பேண்டுகள் வழியாக வந்தது. 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்தார் என்று இசை வரலாறு சொல்கிறது. 1931இல் பிறந்து 2022இல் பத்மஸ்ரீ பெற்ற ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். போலீஸ் பேண்டு, தேவாலய பேண்டு, கல்யாண ஊர்வல பேண்டு செட்டு எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. கோவையிலோ சினிமாவும் சேர்ந்துகொண்டது: 1930களில் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டுடியோ, 1945இல் தொடங்கிய பட்சிராஜா ஸ்டுடியோ, அங்கே உருவான படங்களுக்கு எஸ்.எம். சுப்பையா நாயுடு அமைத்த இசை என்று வாத்தியக் கலைஞர்களுக்கு இங்கே வேலை இருந்தது. இத்தனை வாசல் வழியாக வந்த கருவிகள் கைமாறிக் கைமாறி, உடைந்த துண்டுக்கு வேறொன்றிலிருந்து துண்டு மாற்றி இன்றுவரை ஊதப்படுகின்றன. ஆகவே கையில் இருப்பது ஒரே கருவி என்று நினைக்காமல், ஐந்து துண்டுகளின் கூட்டம் என்று நினைத்துத் தொடங்குவதே முறை.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. செய்தவர் யார், விற்றவர் யார், வைத்திருந்தவர் யார்? மூன்றுக்கும் விடை வெவ்வேறாக இருக்கலாம். மூன்றும் தனித்தனி முத்திரைகளை விட்டுச் சென்றிருக்கலாம். 1842இல் மிஸ்குவித் பெயரில் சென்னையில் தொடங்கிப் பின்னர் மியூசி மியூசிகல் ஆன கடை, 1865இல் மும்பையில் தொடங்கிய ஃபர்ட்டாடோஸ் போன்றவை இசைக்கருவி விற்பனையில் பழம்பெயர்கள். ஒரு கருவியில் கடையின் பெயர் இருந்தால் அது விற்ற இடத்துக்குச் சான்று. செய்த இடத்துக்குச் சான்று ஆகாது. அதேபோல் அம்பு வடிவ முத்திரை இருந்தால் அது ஆங்கில அரசின் உடைமையாக இருந்ததைச் சொல்லும். எந்தப் பட்டறையில் பிறந்தது என்பதை அது சொல்லாது. பக்கத்து நீலகிரியில் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கிறது என்பதற்காக, இங்கே கிடைக்கும் ஒவ்வொரு அம்பு முத்திரைக் கருவியையும் ‘வெலிங்டன் பேண்டு வாத்தியம்’ என்று சொல்லிவிடவும் முடியாது. பக்கத்தில் இருப்பது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். முடிவுக்கு வேறு சான்று வேண்டும்.

எடுத்துவைக்க வேண்டியவை

- டார்ச் அல்லது செல்போன் விளக்கு, 10 மடங்கு காட்டும் உருப்பெருக்கி
- துணி டேப், முடிந்தால் வெர்னியர் காலிப்பர்
- செல்போனில் ட்யூனர் செயலி
- மெல்லிய வெள்ளைத் தாள், மிருதுவான பென்சில்
- பருத்தித் துணி, முகக்கவசம், கையுறை
- நோட்டு ஒன்று

தொடும் முன் கவனிக்க வேண்டியவை

பல ஆண்டு மூடிக் கிடந்த பெட்டியில் பூஞ்சணம் இருக்கும். காற்றோட்டமான இடத்தில் முகக்கவசம் போட்டுத் திறங்கள். கீகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் கையுறையோடு தொடுங்கள். அடுத்தவர் ஊதிய மவுத்பீஸைச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கழுவாமல் வாயில் வைக்கவே கூடாது. வெந்நீர் வேண்டாம், பழைய மவுத்பீஸ்கள் பெரும்பாலும் எபோனைட் என்ற கெட்டி ரப்பர், சூடு பட்டால் கோணிவிடும், நிறமும் மாறும்.

புளி, பிராசோ, உப்புத்தாள் மூன்றையும் தள்ளி வையுங்கள். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பழக்கத்தில் கீகளையும் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. பளபளப்பு வரும், ஆனால் முலாம் போய்விடும், மெல்லிய எழுத்தும் அதோடு அழியும். தேங்காய் எண்ணெய் பூசுவதையும் ஆய்வு முடியும்வரை ஒத்திப்போடுங்கள். எண்ணெய் ஊறினால் மயிரிழை வெடிப்பு மறைந்துவிடும். மரத்தின் இயல்பான நிறமும் தெரியாமல் போகும்.

படிப்படியாக

1. முதலில் படம் எடுங்கள். துடைப்பதற்கு முன்பே பெட்டி, பெட்டிக்குள் கிடக்கும் சீட்டு, ஒவ்வொரு துண்டின் நான்கு பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். பெட்டியின் உள்துணியில் ஒட்டியிருக்கும் கடைச் சீட்டு, பழைய ரசீது, ரீட் டப்பா ஆகியவை விற்றவரையும் வைத்திருந்தவரையும் சுட்டும். பெட்டியும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பிரியுங்கள். பெல், மவுத்பீஸ், பேரல் என்ற வரிசையில் மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். கடைசியாக மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் பிரிக்கும்போது, இரண்டையும் இணைக்கும் பாலக் கீ இருந்தால் மேல் துண்டின் வளையங்களை அழுத்திப் பிடித்தபடி திருகுங்கள். இல்லாவிட்டால் அது வளைந்துவிடும். இறுகிப்போன இணைப்பைக் குறடு போட்டோ சூடு காட்டியோ கழற்றப் பார்க்காதீர்கள். வராவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோவதே வழி.

3. உடல் எதனால் ஆனது என்று பாருங்கள். துளைகளின் உள்விளிம்பையும் இணைப்பு முனையையும் உருப்பெருக்கியால் பாருங்கள். நல்ல ஐரோப்பியக் கருவிகளில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கருமரம். நார் நெருக்கமாக, கையில் கனமாக இருக்கும். கருஞ்சாயம் பூசிய சீஷம் மரத்தில், சாயம் ஏறாத முனையில் பழுப்பு நிறமும் அகலமான ரேகையும் தெரியும். எபோனைட்டில் நாரே இருக்காது. வெயில் பட்ட பக்கம் பச்சை கலந்த பழுப்பாக மங்கியிருக்கும். துணியால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும். பிளாஸ்டிக்கில் வாடையும் நாரும் இரண்டும் இல்லை. ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பதும் தண்ணீரில் போட்டு மூழ்குகிறதா என்று சோதிப்பதும் கருவியைக் கெடுக்கும் சோதனைகள். அவற்றின் பக்கம் போகாதீர்கள். ஐந்து துண்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மேல் துண்டு மரம், கீழ்த் துண்டு எபோனைட் என்று வந்தால் பெரும்பாலும் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

4. கீ அமைப்பைப் படியுங்கள். இரண்டு துண்டிலும் விரல் வளையங்கள், மொத்தம் 17 கீ 6 வளையம், வலது சுண்டுவிரலுக்கு நான்கு கீ என்றால் அது போம் முறை. கிளாரினெட் கலைஞர் குளோசேயும் கருவி செய்பவர் பஃபேயும் சேர்ந்து உருவாக்கி 1839இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தது இது. வலது சுண்டுவிரலுக்கு இரண்டே கீ, அவற்றின் நடுவே சிறு உருளைகள், 13 கீ, சில வளையங்கள் மட்டும் என்றால் எளிய முறை. பிரஸ்ஸல்ஸின் ஆல்பர்ட் பெயரால் ஆல்பர்ட் முறை என்றும் சொல்வார்கள். வளையம் இல்லாத திறந்த துளையில் விரலைச் சறுக்கிக் கமகம் எடுப்பது எளிது என்பதால், நம் இசைக்கு எளிய முறைக் கருவி இன்றும் பயன்படும். கீகளைத் தாங்கும் இடத்தையும் பாருங்கள். மரத்திலேயே செதுக்கிய மேட்டில் கீ பொருந்தியிருந்தால் கருவி 19ஆம் நூற்றாண்டுப் பாணி. உலோகத் தூண்களில் நின்றால் பிந்திய பாணி. கீயை வளைத்து உறுதி பார்க்காதீர்கள். வார்ப்புக் கீ சட்டென்று ஒடியும்.

5. அளந்து, ஊதிப் பாருங்கள். மவுத்பீஸ் நீங்கலாக, பேரல் முதல் பெல் வரை அளந்தால் இன்றைய சுருதியிலுள்ள பி ஃபிளாட் கிளாரினெட் ஏறத்தாழ 60 செ.மீ. இருக்கும். அதைவிட 1.5 முதல் 2 செ.மீ. குறைந்தால், பழைய ‘ஹை பிட்ச்’ கருவியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆங்கிலேய ராணுவ பேண்டுகள் 1920களின் இறுதி வரை ஏ சுரத்தை 452 ஹெர்ட்ஸை ஒட்டி வைத்திருந்தன. இன்றைய வழக்கு 440. ஊதும்போது கட்டைவிரலாலும் இடக்கை மூன்று விரலாலும் துளைகளை மூடுங்கள். பி ஃபிளாட் கருவி என்றால் ட்யூனர் ஆறரைக் கட்டையைக் காட்ட வேண்டும். சில செயலிகளில் இது ஏ ஷார்ப் என்று வரும். முள் ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றால் ஹை பிட்ச் என்று சந்தேகியுங்கள். கருவியில் ‘ஹெச்.பி.’ (ஹை பிட்ச்) அல்லது ‘எல்.பி.’ (லோ பிட்ச்) என்ற எழுத்தும் இருக்கலாம். ஆறு கட்டை காட்டினால் அது ஏ கிளாரினெட். ஒரு கட்டை காட்டினால் சி. இரண்டரை காட்டினால் ஈ ஃபிளாட்.

குறிப்பு: நெடுநாள் ஊதாத மரக் கருவியை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உட்புறத்தை மட்டும் உப்பவைக்கும். வெளிப்புறம் காய்ந்தபடியே இருக்கும். அந்த இழுபறியில் மேல் துண்டு வெடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் ஊர்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

6. பழுது பார்த்த தடத்தைத் தேடுங்கள். அடைத்த துளை, இடம் மாறிய தூண், ஒரு கீ மட்டும் வேறு நிறம், ஒரு திருகு மட்டும் வேறு தலை, பேரலில் மட்டும் புதிய கடைசல் ரேகை ஆகியவற்றைக் குறியுங்கள். பம்பும் மோட்டாரும் செய்யும் கோவையில் நல்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. உடைந்த பேரலுக்குப் பதில் ஒன்று கடைந்து வாங்குவது இங்கே நடக்கக்கூடிய காரியம். சந்தேகமான திருகைப் பட்டறைக்காரரின் த்ரெட் கேஜில் வைத்துப் பார்த்தால், மற்ற திருகுகளோடு புரி ஒத்துப்போகிறதா என்று உடனே தெரியும். புரி மாறினால் அந்தத் திருகு பிற்காலத்தது என்று கொள்ளலாம். பேரல் மாறியிருந்தால் ஐந்தாம் படியில் கிடைத்த சுருதி முடிவையும் மறுபடி யோசியுங்கள். நீண்ட பேரல் போட்டு ஹை பிட்ச் கருவியைக் கீழே இறக்கியிருக்கலாம். அப்படி இறக்கினால் ஒரு சுரம் சரியாகும், மற்றவை ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் நிற்கும்.

7. இப்போது பெயரையும் எண்ணையும் படியுங்கள். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்; நேரே தெரியாத எழுத்தும் நிழலில் எழும். தாளை வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்து அச்சு எடுங்கள். எழுத்தை ஊசியால் கீறித் தெளிவாக்காதீர்கள், தங்கப்பொடியும் பூசாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் உள்ள சின்னம், ஊர், நாடு, எண் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். மேல் கீழ் இரு துண்டிலும் ஒரே எண் இருந்தால் அந்த இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்பதற்கு அது வலுவான சான்று.

நாட்டின் பெயரே ஆண்டு சொல்லும்

பெயரைவிட நாட்டின் பெயர் பல நேரம் நல்ல சாட்சி. அரசியல் எல்லை மாறிய ஆண்டு எல்லோருக்கும் தெரிந்தது. அதை விற்பவர் மாற்ற முடியாது. ஆங்கிலேயரின் 1887ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டமும், இந்தியாவில் 1889இல் வந்த சட்டமும், அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு சுங்கச் சட்டமும் பொருளில் நாட்டின் பெயர் பொறிக்கும் வழக்கத்தைப் பரப்பின. ஆகவே நாட்டின் பெயர் இருந்தால் கருவி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

- செக்கோஸ்லோவாக்கியா: 1918 முதல் 1992 வரை
- கிராஸ்லிட்ஸ் என்ற ஜெர்மன் ஊர்ப்பெயர்: பெரும்பாலும் 1945க்கு முன், கிராஸ்லிட்சே என்ற செக் வடிவமும் அமாட்டி என்ற பெயரும்: அதற்குப் பின்
- யு.எஸ். ஸோன் ஜெர்மனி: 1945 முதல் 1949 வரை
- ஜி.டி.ஆர். (கிழக்கு ஜெர்மனி): 1949 முதல் 1990 வரை
- பூஸி அண்ட் ஹாக்ஸ் என்ற கூட்டுப் பெயர்: 1930க்குப் பின். பூஸி தனியாகவோ ஹாக்ஸ் தனியாகவோ இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்
- பாகிஸ்தான்: 1947க்குப் பின்

ஊர்ப்பெயரில் மட்டும் எச்சரிக்கை தேவை. பாரிஸ் என்று பொறித்த கருவி நார்மண்டியின் லா கூத்யூர் பூஸே கிராமத்துப் பட்டறையில் பிறந்திருக்கலாம். தலைநகரின் பெயர் விற்பனை அலுவலகத்தைச் சொல்லும். கோலெர்ட் என்ற பெயர் கிராஸ்லிட்ஸிலும் உண்டு; போருக்குப் பின் குடும்பம் இடம்பெயர்ந்ததால் மேற்கு ஜெர்மனியின் வின்னெண்டனிலும் உண்டு. பூஸி அண்ட் ஹாக்ஸ் விற்ற லஃப்ளர் பெயரில் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த கருவிகள் இருக்கின்றன. பஃபேயின் பொறுப்பில் பிறர் செய்த எவெட் வகைகளும் உண்டு.

அடிக்கடி நேரும் தவறுகள்

- எளிய முறை என்றாலே நூறு வயது என்று நினைப்பது. 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் அது செய்யப்பட்டது.
- கருப்பாக இருந்தால் கருமரம் என்று நினைப்பது.
- எண்ணை மட்டும் ஒரு பட்டியலில் தேடி ஆண்டு சொல்வது. ஒரே நிறுவனம் உயர்வகைக்கு ஒரு வரிசையும் மலிவுவகைக்கு வேறொரு வரிசையும் வைத்திருக்கும். ஒரே எண் இரண்டு ஆண்டுகளைக் காட்டும். மாடல் எது என்று தெரிந்த பின்புதான் எண்ணுக்குப் பொருள் உண்டு.
- மவுத்பீஸில் உள்ள பெயரைக் கருவியின் பெயராக எடுத்துக்கொள்வது. முதலில் தேய்ந்து, முதலில் மாறும் துண்டு அதுதான்.

ஒரு பயிற்சி

பெல்லில் ‘ஹாக்ஸ் அண்ட் சன், லண்டன்’ என்று தெளிவாக இருக்கிறது. மேல், கீழ்த் துண்டுகள் எபோனைட், 13 கீ எளிய முறை, இரண்டிலும் ஒரே எண், பெயர் எதுவும் இல்லை. பெல்லோ மரம். பேரலில் புதிய கடைசல் ரேகை. இருக்கும் பேரலோடு சுருதி 440ஐ ஒட்டி நிற்கிறது, சுரங்கள் தமக்குள் ஒத்துப்போகின்றன. பெயரை முதலில் படித்தவர் ‘1930க்கு முந்தைய லண்டன் கருவி’ என்று விலை கொடுப்பார். நீங்கள் எழுத வேண்டியது வேறு: பெல் ஹாக்ஸ் நிறுவனத்துடையது, அநேகமாக 1930க்கு முந்தையது. உடல் இரண்டு துண்டும் ஒன்றாகப் பிறந்தவை. பொருள் வேறு என்பதால் பெல்லோடு சேர்ந்து பிறந்தவை என்று சொல்ல இடமில்லை. செய்தவர் தெரியவில்லை. பேரல் பிற்காலத்தது. சுரங்கள் ஒத்துப்போவதால் ஹை பிட்ச் உடலாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்தக் கருவிக்குக் கொடுக்க வேண்டியது உடலின் விலை; பெல்லில் உள்ள பெயரின் விலை அல்ல.

எழக்கூடிய மறுப்புகள்

‘நன்றாக ஒலித்தால் போதாதா, பூர்வீகம் எதற்கு?’ என்று பேண்டு செட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. தம்பூராவோடு தனியாக வாசிப்பவருக்குக் கருவியின் சுருதிக்கு ஏற்பத் தம்பூராவை மாற்றிக்கொள்ள முடியும்; ஹை பிட்ச் அவருக்குத் தடை அல்ல. ஆனால் கீபோர்டோடும் டிரம்பெட்டோடும் சேர்ந்து ஊத வேண்டியவருக்கு அரைச் சுரத்தில் பாதி விலகினாலே மொத்தக் குழுவும் கெட்டுவிடும். எந்த முறை, எந்த வகை என்று தெரியாமல் பேடும் கீயும் வாங்கினால் பொருந்தாது. ஆகவே பூர்வீகம் தெரிந்துகொள்வது ஊதுகிறவருக்கும் நேரடிப் பயன் தரும் வேலைதான்.

‘அனுபவசாலி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாரே’ என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான், அவர் சொல்வதை மதித்துக் கேளுங்கள். ஆனால் அவர் கண் ஒரு நொடியில் பார்ப்பதும் இந்த ஏழு படிகளைத்தான். எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டு, அதையும் நோட்டில் எழுதுங்கள். காரணத்தோடு வந்த கருத்து சான்று. காரணம் சொல்லாத கருத்து ஊகம்.

மூன்றாவது, ‘வெளிநாட்டுக் கருவி உயர்ந்தது, இந்தியக் கருவி மட்டம்’ என்ற எண்ணம். 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் முதல் இன்றைய ஜாலி கோத்தி பட்டறைகள் வரை, மீரட் இந்திய பேண்டுகளுக்குக் கருவி கொடுத்த ஊர். ஐரோப்பாவிலும் மட்டமான கருவிகள் ஏராளமாகச் செய்யப்பட்டன. தரத்தைத் துளையின் சுத்தமும் கீயின் பொருத்தமும் சொல்லட்டும். நாட்டின் பெயர் அதைச் சொல்லாது. மீரட் கருவியை லண்டன் என்று விற்பது எவ்வளவு தவறோ, மீரட் என்று தெரிந்ததும் பாராமல் ஒதுக்குவதும் அவ்வளவு தவறு.

முடிவை எழுதும் முறை

8. ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: உறுதி, வலுவான ஊகம், தெரியாது. இரண்டு தனித்தனிச் சான்றாவது ஒத்துப்போகாமல் ‘உறுதி’ என்று எழுதாதீர்கள்.

9. பள்ளி, தேவாலயம், போலீஸ், ராணுவம் ஆகியவற்றின் முத்திரை இருந்தால், விற்பவருக்கு அது எப்படி வந்தது என்று கேட்டு ரசீது வாங்குங்கள். கருவி நூறு ஆண்டைத் தாண்டியது என்று தெரிந்தால், வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் விசாரியுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களை வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்துகிறது.

10. கடைசியாக, விற்பவரிடமும் அவர் குழுவின் மூத்தவரிடமும் யாரிடமிருந்து, எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்டு எழுதுங்கள். பூஸி அண்ட் ஹாக்ஸின் பழைய ஏடுகள் 2004 முதல் லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கருவி லண்டனை விட்டுப் புறப்பட்டதுவரை அவை சொல்லக்கூடும். அதன் பின் எந்த ஊர்த் தேருக்கு முன்னால் ஊதப்பட்டது, யார் கையில் பேரல் மாறியது என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் வயதான வித்வான்கள் மட்டுமே. ஆகவே அளவெடுப்பதை நாளைக்குத் தள்ளினாலும் அவர்களிடம் கேட்பதைத் தள்ளாதீர்கள். எழுதிய தாளின் ஒரு பிரதியைக் கருவியின் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்து வாங்குபவர் பெயரை மட்டும் படித்து ஏமாற வேண்டியிருக்காது.